ஒட்டாத சில்லு

ஸ்ரீஹரி காட்டிய நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு எழுந்திருக்கவே மனமில்லாமல் போய்விட்டது. டிசம்பர் மழை. மந்தைவெளியிலிருந்து அடையாறு வரை ஷஃபியுல்லாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்ததில் இரண்டு முழங்காலும் பிடித்துக்கொண்டிருந்தன. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பெண் துப்பறிகிறாள் என்றால் ஆளாளுக்கு எதையெதையோ கற்பனை செய்துகொள்கிறார்கள். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விசாரணையில் இருபத்திரண்டு வருடம் பொய் கேட்டுக் கேட்டுச் சலித்தவள் நான். வேறு தொழில் தெரியாததால் அதையே இப்போது சொந்தமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

ஷஃபியுல்லா என் உதவியாளன். ஜாம்பஜார்க்காரன், முப்பத்து நான்கு வயது, இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். எவ்வளவு மழை பெய்தாலும் அவன் வாய் மட்டும் நனையாது.

காந்தி நகரில் பழைய பங்களா ஒன்றை வளைத்துப் போட்டுக் கம்பெனி ஆக்கியிருந்தார் ஸ்ரீஹரி. மயிலாப்பூர்க்காரர், அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பியவர். வெள்ளிக்கிழமை என்பதால் வாசல் பிள்ளையாருக்கு அப்போதுதான் தீபாராதனை முடிந்திருந்தது. கட்டடம் முழுவதும் கற்பூரமும் ஊதுவத்தியும் மணத்தன.

தொழில் என்ன என்று அவர் விளக்கினார். நாம் ஃபோனில் பேசுவதும் பார்ப்பதும் நெடுந்தூரம் போகும்போது கண்ணாடி நூலுக்குள் வெளிச்சமாகத்தான் ஓடுகிறது. அந்த வெளிச்சத்தை உண்டாக்குவது, அதில் செய்தியை ஏற்றுவது, வழி பிரித்து அனுப்புவது எல்லாவற்றையும் நகத்தளவு சில்லு ஒன்றில் அடக்குகிறார்கள். சிலிக்கான் வெளிச்சத்துக்கு நல்ல பாதை, ஆனால் அதற்கு வெளிச்சம் கொடுக்க வராது. அதற்கு இண்டியம் பாஸ்பைடு என்ற வேறொரு பொருள் வேண்டும். செய்தியை வேகமாக ஏற்ற லித்தியம் நியோபேட் என்று மூன்றாவது ஒன்று. மூன்றையும் பசையில்லாமல் ஒட்ட வேண்டும். பரப்புகள் அப்பழுக்கில்லாமல் இருந்தால் தொட்டவுடன் தாமே பிடித்துக்கொள்ளுமாம். பிறகு மெல்லச் சூடு காட்டி இறுக்குவார்கள். ஒவ்வொன்றும் சூட்டில் ஒவ்வொரு அளவு விரியும் என்பதால் அந்தச் சூடும் அளவோடு இருக்க வேண்டும்.

“ட்ரிப்ளிகேன் மேன்ஷன்ல மூணு ஊர்க்காரன் ஒரே ரூம்ல கீறா மாதிரி” என்றான் ஷஃபியுல்லா. “ஒருத்தனுக்கு ஃபேன் வேணும், ஒருத்தனுக்கு வேணாம்.”

ஸ்ரீஹரி சிரிக்கவில்லை. அக்டோபர் கடைசியிலிருந்து அவர் சிரித்திருக்க மாட்டார். அப்போதுதான் சில்லுகள் கெட ஆரம்பித்தன. சூடு காட்டியதும் ஒட்டிய இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. வரிசையாக ஏழு போயிற்று. ஏழையும் ஒட்டியவள் அல்போன்சா, பதினோரு வருடமாக அங்கே வேலை பார்ப்பவள். நவம்பரில் தம்பி கல்யாணத்துக்காக அவள் பன்னிரண்டு நாள் வேளாங்கண்ணிக்குப் போனாள். அந்த நாட்களில் முத்துகிருஷ்ணன் என்பவர் நான்கு சில்லு ஒட்டினார், நான்கும் பழுதில்லை. அவள் திரும்பி வந்து மூன்று ஒட்டினாள், மூன்றும் குமிழி. அதே அறை, அதே இயந்திரம். தூசி எண்ணும் கருவி எல்லா நாளும் பூஜ்யம் காட்டியிருக்கிறது. வேலைக் குறிப்பேட்டில் இருவரும் ஒரே முறையைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

காரணமும் அவர் கையில் தயாராக இருந்தது. செப்டம்பரில் பிரிவுத் தலைவர் பதவி அல்போன்சாவுக்கு வர வேண்டியது, முத்துகிருஷ்ணனுக்குப் போனது.

“அந்த கோவத்துல பண்றா மேடம். லீவுல போறச்சே ட்ரை கேபினெட் சாவியக்கூட ஆத்துக்கு எடுத்துண்டு போயிட்டா. திரும்பி வந்த அன்னிக்கு பையிலேர்ந்து எடுத்து மாட்டினத நானே பார்த்தேன்” என்றார்.

ஒரு வாரமாக அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார். இன்று மாலை ஐந்து மணிக்குப் போலீஸில் புகார் கொடுக்கப்போகிறார். புகாரோடு சேர்க்க என்னிடமிருந்து ஒரு விசாரணை அறிக்கை வேண்டும். இந்த வேலை நடக்கும் இடம் சென்னையில் இன்னும் நான்குதான் என்றும், நான்குக்கும் அவள் பெயரைப் போட்டு நேற்றே மெயில் அனுப்பியாயிற்று என்றும் சாதாரணமாகச் சொன்னார். முடிவு கட்டிவிட்டுக் கூப்பிடுகிற வாடிக்கையாளர்கள்தான் எனக்கு அதிகம். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது தலையை ஆட்டிவிட்டுக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்துவிடுகிறேன்.

அல்போன்சாவின் வீடு சாந்தோமில், ரோசரி சர்ச் ரோட்டை ஒட்டிய சந்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினேன். ஒவ்வொரு முறையும் ஷஃபியுல்லா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸ் நம்பர் ஞாபகம் இருப்பதாகச் சொன்னான்.

நாற்பத்தொரு வயதுப் பெண், ஒடிசல். எங்களுக்காகக் காத்திருந்தவள் போல் கதவைத் திறந்தாள். அழுது முடித்த முகம். எதிர்த்துப் பேசவில்லை, சாபம் விடவில்லை, காப்பி கொடுத்தாள். நான் வழக்கம்போல் தேதிகளைக் கேட்டேன், சாவியைக் கேட்டேன், வேலை முறையைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் வந்தது. சாவி டிபன் பையில் கிடந்தது, வேளாங்கண்ணி போய்த்தான் பார்த்தாளாம். இன்னொரு சாவி போன வருடமே தொலைந்துபோனது. மாற்றுச் சாவி கேட்டு மூன்று முறை எழுதியும் யாரும் செய்து தரவில்லை.

வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரலில் தெம்பு வந்தது. துண்டுகளைக் கழுவிச் சுத்தம் செய்து, அந்த ட்ரை கேபினெட்டுக்குள் இரவு முழுக்க வைக்க வேண்டும். ஈரமில்லாத காற்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும் கண்ணாடி அலமாரி அது. ஒட்டிய ஈரம் இரவில் அடியோடு போய்விடும், காலையில் எடுத்து ஒட்ட வேண்டும்.

“ரூல்ல அப்படித்தான் இருக்கு மேடம். மழையோ வெயிலோ, ஒருநாளும் நான் அதை விட்டதில்ல.”

இனி என்ன செய்வாய் என்று கேட்டேன். இந்தக் கம்பெனிக்கு வருவதற்கு முன்பிருந்தே, பத்தொன்பது வருடமாகத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான் என்றாள். நான்கு இடத்துக்கும் மெயில் போன விஷயம் அவளுக்கும் தெரிந்திருந்தது. அதில் ஓரிடத்தில் இருக்கும் தோழி அவளுக்கே அதை அனுப்பியிருந்தாள். அதைச் சொல்லும்போது டம்ளரை எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கீழே இறங்கும்போது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நல்லவளாகத் தெரிந்தாள். ஆனால் நல்லவர்களாகத் தெரிந்த பல பேர் கடையைத் தாமே கொளுத்திவிட்டு க்ளெய்முக்கு வந்ததையும் பார்த்திருக்கிறேன். அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

“ஒண்ணு சொல்லட்டா மேடம்” என்றான் ஷஃபியுல்லா, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. “அந்த முத்துகிருஷ்ணன் சார் கம்ப்யூட்டர் கம்பெனில இருக்க வேண்டிய ஆளே இல்ல. மேஜிக் ஷோவுக்குப் போவலாம். சாவி வேளாங்கண்ணில கீது. பூட்டுன பீரோக்குள்ள நாலு தபா வச்சு, நாலு தபா எடுத்துக்கிறாரு.”

நான் ஸ்கூட்டரில் ஏறவில்லை. மழையில் அப்படியே நின்றேன். கம்ப்யூட்டர் கம்பெனி இல்லை என்று அவனைத் திருத்தக்கூடத் தோன்றவில்லை. காலையில் ஸ்ரீஹரி அந்தச் சாவியைக் குற்றச்சாட்டாகவே என் கையில் வைத்தார். நானும் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அலுப்பு வந்துவிட்டால் மூளைதான் முதலில் லீவு போடுகிறது.

முத்துகிருஷ்ணனை அடையாறு டிப்போ எதிரில் டீக்கடையின் தார்ப்பாய்க்கு அடியில் பிடித்தோம். சைதாப்பேட்டையிலிருந்து வருகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். முதலில் குறிப்பேட்டில் எழுதியபடியே ஒப்பித்தார். மாலை ஆறே முக்காலுக்கு உள்ளே வைத்தேன், காலை ஒன்பதே காலுக்கு எடுத்தேன் என்றார். எந்தச் சாவியால் திறந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்தவர் மறுபடி அதை எடுக்கவே இல்லை.

“அவங்க போஸ்ட்டத்தான் மேடம் எனக்குக் குடுத்தாங்க. கல்யாண வேலையா இருக்கறவங்களுக்கு ஃபோன் போட்டு, சாவி எங்கன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?”

அதனால் கேட்கவில்லை. கழுவினார், கேபினெட்டுக்குள் வைக்காமல் ஒரு மணி நேரத்துக்குள் நேராக ஒட்டினார். குறிப்பேட்டில் மட்டும் விதிப்படி எழுதி வைத்தார். நான்கும் பழுதில்லாமல் வந்தபோது தன் கைராசி என்று நினைத்துக்கொண்டார். பிறகு பழி அல்போன்சாமேல் திரும்பியது. உண்மையைச் சொன்னால் பொய்க் குறிப்பு எழுதியதற்குத் தன் வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டார். ஒரு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை என்று அவர் சொன்னதை நம்பினேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

ஆக, ஒழுங்காக முறைப்படி செய்தவளின் சில்லு கெட்டது. குறுக்கு வழியில் போனவரின் சில்லு தேறியது. நடுவில் இருந்த வித்தியாசம் ஆட்கள் இல்லை, அந்தக் கண்ணாடி அலமாரிதான்.

நாங்கள் காந்தி நகர் திரும்பியபோது மணி நான்கேகால். சில்லு ஒட்டும் அறைக்குள் போகத் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்ட வேண்டும் என்றார்கள். புடவையை அதற்குள் திணித்து, தலைக்கு உறை போட்டு, முகத்துக்கு மாஸ்க் கட்டி முடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஷஃபியுல்லா கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு, கல்யாண மண்டபத்தில் ஐஸ்கிரீம் ஸ்டால் போட வந்தவன் மாதிரி இருப்பதாகச் சொன்னான்.

முத்துகிருஷ்ணன் கேபினெட்டைத் திறந்தார். மேலே மூன்று தட்டுகளில் சில்லு வைக்கும் பெட்டிகள், துடைத்து வைத்தாற்போல் இருந்தன. அடியில் ஓர் இழுப்பறை. காலி ட்ரேக்களைப் போட்டு வைக்கிற இடம், யாரும் அதிகம் தொடுவதில்லை என்றார். ட்ரேக்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். பின்னால் மூலையில் ஒரு சின்ன எவர்சில்வர் சம்புடம் இருந்தது. மூடி சரியாகப் பொருந்தவில்லை. திறந்தேன். உள்ளே ஐந்து மிளகு, வேறு ஒன்றுமே இல்லை.

“ரசத்துக்கு ஆரம்பிச்சுட்டு மறந்துட்டாங்க போல” என்றான் ஷஃபியுல்லா.

முத்துகிருஷ்ணனுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியிலும் மிளகு போட்ட டப்பா ஒன்று இருக்கிறது. கற்பூரம் காற்றோடு போய்விடக் கூடாது என்று நாலு மிளகைப் போட்டு வைப்பது வழக்கம். மிளகு போட்டாலும் எங்கள் வீட்டில் அது போய்க்கொண்டுதான் இருக்கிறது. மாஸ்க்கை இறக்கிச் சம்புடத்தை மோந்து பார்த்தேன். மெலிதாகக் கற்பூர வாசனை வந்தது. வாசலிலிருந்தே அதே வாசனை அடிக்கிற கட்டடத்தில் இதை யார் தனியாகக் கவனித்திருக்கப் போகிறார்கள்.

கற்பூரம் வைத்த இடத்தில் உருகாது, வழியாது, தடம் வைக்காது. திடமாக இருக்கும்போதே ஆவியாகிவிடும். காற்று ஓடிக்கொண்டே இருக்கும் அலமாரியில் இன்னும் சீக்கிரம் போகும். போகிற வழியில், கழுவித் துடைத்து இரவு முழுக்க வைத்திருக்கும் துண்டுகள்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படியும். தூசி எண்ணும் கருவிக்குத் தூசிதான் தெரியும், வாசனை தெரியாது. காலையில் ஒட்டிச் சூடு காட்டும்போது, நடுவில் மாட்டிக்கொண்ட படலம் மறுபடி ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் குமிழியாக நின்றுவிடும். விதியை எவ்வளவு நேர்மையாகக் கடைப்பிடித்தாளோ அந்த அளவு அவள் சில்லு கெட்டது. முத்துகிருஷ்ணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார். ஏழும் மூன்றும் பத்து என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அந்த நேரத்தில் ஸ்ரீஹரி உள்ளே வந்தார். ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும், அறிக்கை தயாரா என்று கேட்டார். சில்லுகள் கெட ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் வந்த ஆயுத பூஜை அன்று இந்த அறையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

உள்ளே எதுவும் செய்யவில்லை என்றார் வேகமாக. கதவுக்கு வெளியேதான் தீபாராதனை, உள்ளே ஒரு பொட்டு குங்குமம்கூட வரக் கூடாது என்று தானே எல்லோரையும் எச்சரித்ததாகச் சொன்னார். பேசிக்கொண்டே வந்தவர் என் கையிலிருந்த சம்புடத்தைப் பார்த்தார். வாங்கித் திருப்பினார். அடியில் இரண்டு எழுத்து பொறித்திருந்தது, அவர் வீட்டுப் பாத்திரங்களில் போடுகிற எழுத்து.

“அன்னிக்குக் கொட்டு கொட்டுன்னு மழை” என்றார். “கற்பூரம், தீப்பெட்டி எல்லாம் நமுத்துப் போயிடும்னு பட்டது. இந்த பில்டிங்லயே ஈரமில்லாத இடம் இது ஒண்ணுதானே. தீப்பெட்டிய மறுநாளே எடுத்துட்டேன். இத... பின்னாடி தள்ளிப் போயிருக்கும். மறந்துட்டேன்.”

அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் நானே மழைக்காலத்தில் தீப்பெட்டியை அரிசி டப்பாவுக்குள் வைக்கிறவள். வீட்டு ஞாபகம் கையோடு வந்துவிடுகிறது, படிப்பு அந்த நேரம் பக்கத்தில் இருப்பதில்லை.

ஆனால் பாவம் பார்த்து முடிப்பதற்குள் இன்னொன்று உறைத்தது. சம்புடம் காலியாகிவிட்டது. இன்னும் சில நாளில் அலமாரியிலிருந்து மிச்ச வாசனையும் போய்விடும். அதற்கப்புறம் யார் ஒட்டினாலும் சில்லு தேறும். அல்போன்சாவைத் துரத்தியவுடன் எல்லாம் சரியாகிவிட்டது பார் என்று ஊரே சொல்லும். இன்னும் பத்து நாள் கழித்து நான் வந்திருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். அதை நினைத்ததும் எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

ஸ்ரீஹரிக்குள்ளும் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து உடுப்பைக் கழற்றும்போது மெதுவாக ஆரம்பித்தார். புகார் இனி இல்லை, அது முடிந்தது. அறிக்கையில் கேபினெட்டில் கலப்படம் என்று பொதுவாக எழுதினால் போதாதா, பெரிய வாடிக்கையாளர்கள் பார்க்கிற காகிதம், ஒரு டாக்டர் பட்டம் வாங்கினவன் கற்பூரம் வைத்தான் என்று போனால் யார் மதிப்பார்கள் என்றார். முத்துகிருஷ்ணனும் தன் பொய்க் குறிப்பு அதில் வராதே என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

நேற்றைய மெயிலில் அல்போன்சாவின் பெயர் பொதுவாக இருந்ததா என்று கேட்டேன். கத்தவில்லை. கத்துகிற தெம்பு எனக்கு இல்லை. நான் எழுதும் அறிக்கையில் உங்கள் இருவர் பெயரும் இருக்கும், அந்த நான்கு கம்பெனிக்கும் அது ஆறு மணிக்குப் போகும், அதற்கு முன்னால் உங்கள் மெயில் போனால் உங்களுக்கு நல்லது என்றேன்.

ஷஃபியுல்லா அவர் லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தான்.

மூன்று முறை அடித்து அழித்தார். நான்காவது முறை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். தவறு என்னுடையது, கற்பூரம் வைத்தவன் நான், அல்போன்சாமீது எந்தக் குற்றமும் இல்லை என்று அதில் தெளிவாக இருந்தது. முத்துகிருஷ்ணன் தானாகவே ஒரு வரி சேர்க்கச் சொன்னார், தான் எழுதிய குறிப்பு பொய் என்று. நான்கு பேருக்கும் போனது. அல்போன்சாவுக்கும் ஒரு பிரதி போனது. மணி ஐந்தாக ஏழு நிமிடம் இருந்தது.

ஃபோனை அவரே போட்டார், எல்லோரும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார். அவள் எடுத்தாள். மெயில் வந்துவிட்டது, படித்தேன் சார் என்றாள். அவர் மன்னிப்புக் கேட்டார். நன்றாகவே கேட்டார், அதைக் குறை சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை வந்துவிடு, அந்தப் பதவியும் உனக்குத்தான் என்றார்.

“பதினோரு வருஷம் சார்” என்றாள் அல்போன்சா. “என்னைய ஒரு தடவ கூப்பிட்டு, நீ பண்ணியான்னு கேட்டிருக்கலாம். யாருமே கேக்கல.”

நான் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். காலையில் அவளிடம் பதினான்கு கேள்வி கேட்டிருந்தேன். தேதி, நேரம், சாவி, அலமாரி, காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது வரை எழுதியிருந்தது. அந்த ஒரு கேள்வி இல்லை. கேட்பதையே தொழிலாக வைத்துப் பிழைக்கிறவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

தப்புதான், தப்புதான் என்று ஸ்ரீஹரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“இப்ப கேளுங்க சார்” என்றாள் அவள்.

அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் யாரும் அவருக்கு உதவவில்லை. காலையிலிருந்து அவளை அவள், இவள் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு இப்போது மரியாதை தானாக வந்தது.

“அல்போன்சா... நீங்க பண்ணினேளா?”

“இல்ல சார்” என்று சொல்லிவிட்டு அவள் ஃபோனை வைத்தாள்.